விரிதாட் கோப்புகளும் அவற்றின் பண்புக் குறிகளும்

ஏட்டுச் சுவடிகளைக் கையாண்டு பழகியவர் ஒன்றை அறிவர். நூல் முடிந்த இடத்திலே சுவடி முடிந்துவிடுவதில்லை. எழுதி நிறைவேறிய ஆண்டும் மாதமும், பெயர்த்தெழுதியவர் பெயரும், எவர் பொருட்டு எழுதப்பட்டது என்பதும் ஈற்றேட்டிலே சில வரிகளாக இடம்பெறுவதுண்டு. அவ் வரிகள் நூலின் பகுதியல்ல; நூலைப் பற்றியவை. ஆயினும், ஒரே நூலுக்கு இரண்டு சுவடிகள் கிடைத்து, அவற்றுள் எது முந்தியது எது பிந்தியது என்று பதிப்பாசிரியர் தடுமாறும் வேளையில், அவ் வரிகளே அவருக்குக் கைகொடுப்பன.

இன்று நாம் கணினியில் எழுதும் கோப்புகளுக்கும் இத்தகைய ஈற்றேடு ஒன்று உண்டு. அதனை ஆங்கிலத்தார் டொக்கியுமென்ற் புறொப்பற்றீஸ் என்பர். நாம் பண்புகள் என்போம். கணக்குகளும் பட்டியல்களும் எழுதப் பயன்படும் எக்செல் என்னும் விரிதாளில் இப் பண்புகளைக் கையாலும் இடலாம். மக்ரோ எனப்படும் சிறு கட்டளைத் தொடரைக் கொண்டு தானாகவும் இடுவிக்கலாம். தானாக இடுவிக்கும்போது நேரும் தவறுகளைப் பற்றியே இக் கட்டுரை. கல்லூரிக் காரியாலயத்திலும், பழைய மாணவர் சங்கத்திலும், தத்தம் தொழிலகங்களிலும் விரிதாளோடு நாட்கழிப்போர் இம் மலரின் வாசகருட் பலர் உளராதலின், மலர்க் குழுவினர் இப் பொருளைத் தருமாறு கேட்டபோது யான் தயங்கவில்லை. தவறுகளைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டு என்பதற்குச் சான்று சற்றுப் பின்னர் வரும்.

பண்புகள் இருவகைப்படும். ஆசிரியர் பெயர், தலைப்பு, உருவாக்கிய திகதி முதலியன கோப்போடு உடன்பிறந்தவை. அவற்றின் பெயர்களை நாம் மாற்ற முடியாது, பெறுமானங்களையே மாற்றலாம். மற்றையவை நாமே பெயர் சூட்டிச் சேர்ப்பவை. இவற்றைக் கஸ்ரம் டொக்கியுமென்ற் புறொப்பற்றீஸ் என்பர். தனிப்பண்புகள் என்று ஈண்டு வழங்குவோம். "அங்கீகரித்தவர்", "தவணை", "பதிப்பு எண்" என எதனையும் இவ்வாறு சேர்க்கலாம். விரிதாளின் கட்டங்களில் எழுதினால் எவரேனும் அறியாது அழித்துவிடுவர், அல்லது அச்சிடும்போது அது தாளில் வந்து விழும். தனிப்பண்போ கட்டங்களுக்கு வெளியே, கோப்போடு கூடவே செல்லும். கோப்பின் பெயரை மாற்றினாலும் அது மாறாது. அதன் பயன் அங்கேயே இருக்கிறது. பின்னர்க் காணப்போகும் இடரும் அங்கேயே இருக்கிறது.

இப் பண்புகள் கோப்பினுள் எங்கே இருக்கின்றன என்பதை அறிந்துகொள்வது வீண் ஆராய்ச்சியன்று. 2007ஆம் ஆண்டின் எக்செலோடு வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எம் ஆகிய வடிவங்கள் உண்மையில் சிப் முறையில் அழுத்திக் கட்டப்பட்ட பொதிகளாம். கோப்பைப் படியெடுத்து, படியின் பெயரீற்றைச் சிப் என மாற்றித் திறந்தால், உள்ளே பல சிறு கோப்புகள் தெரியும். அவற்றுள் டொக்புறொப்ஸ் என்னும் உறையில் கோர், அப், கஸ்ரம் என மூன்று இருக்கக் காணலாம். முதலிரண்டும் உடன்பிறந்த பண்புகளுக்கு உரியன. மூன்றாவதே நாம் இட்ட தனிப்பண்புகளின் இருப்பிடம். தனிப்பண்பு ஒன்றேனும் இல்லாத கோப்பில் இம் மூன்றாவதைக் காணமாட்டோம். ஆகவே, மக்ரோ வேலை செய்ததா இல்லையா என்ற ஐயம் எழுமிடத்து, மக்ரோவை நூறு முறை வாசிப்பதிலும் இப் பொதியை ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பது மேல். திறப்பதற்கே கடவுச்சொல் இடப்பட்ட கோப்பு மாத்திரம் இவ்வாறு அவிழாது.

பொதியை அவிழ்க்க விரும்பாதவர், எக்செலின் கோப்புப் பட்டியிலே தகவல் என்னும் பகுதிக்குச் சென்று, பண்புகள் என்ற சொல்லை அழுத்தி, அட்வான்ஸ்ட் புறொப்பற்றீஸ் என்பதைத் தெரிந்து, கஸ்ரம் என்னும் ஏட்டைப் பார்த்தாற் போதும்.

இனி மக்ரோவுக்கு வருவாம். எக்செலின் மக்ரோ மொழி வி.பி.ஏ. எனப்படும், 1993ஆம் ஆண்டு எக்செலின் ஐந்தாம் பதிப்போடு வந்தது. அதிலே ஒவ்வொரு வேலைப் புத்தகத்துக்கும், அதாவது ஒவ்வொரு எக்செல் கோப்புக்கும், தனிப்பண்புகளின் தொகுதி ஒன்று உண்டு. அத் தொகுதிக்கு அட் என்னும் கட்டளையைக் கொடுத்தால் புதுப் பண்பு சேரும். அக் கட்டளை ஐந்து செய்திகளை ஏற்கும். பண்பின் பெயர் யாது, அது விரிதாளின் ஒரு பகுதியோடு இணைக்கப்பட்டதா, அன்றித் தனித்து நிற்பதா, அதன் வகை யாது, அதன் பெறுமானம் யாது, இணைக்கப்பட்டதாயின் எதனோடு. தனித்து நிற்கும் பண்புக்கு முதல் நான்கும் வேண்டும். இணைந்த பண்புக்கு ஐந்தாவது வேண்டும். அந்த ஐந்தாவது, விரிதாளிலே முன்னரே வரையறுக்கப்பட்ட பெயராக இருத்தல் வேண்டும். "இரண்டாம் தாளின் ஐந்தாம் வரிசை" என்று கட்டத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டு எக்செல் ஏற்கவில்லையே என்று வருந்துவோர் பலர். கட்டத்துக்கு முதலில் ஒரு பெயர் சூட்டி, அப் பெயரையே கொடுத்தல் வேண்டும்.

இந்த அளவில் யாவும் எளிது போலத் தோன்றும். யானும் அவ்வாறே எண்ணினேன்.

எமது சங்கம், கல்வியைத் தொடர உதவி வேண்டும் மாணவருக்கு மாதந்தோறும் சிறு தொகையொன்றை வங்கி மூலம் வழங்கி வருகின்றது. ஒவ்வொரு தவணையிலும் குழு கூடிப் பட்டியலைத் திருத்தும். சிலர் நீங்குவர், சிலர் சேர்வர். பட்டியலின் வரைவுகள் பல ஒரே உறையிற் கிடப்பதால், எது குழு அங்கீகரித்தது என்பதில் குழப்பம் உண்டாவதைக் கண்டு, யான் இரண்டு மக்ரோக்களை எழுதிக் கொடுத்தேன். முதலாவது, குழு ஒப்பிய கோப்பிலே "அங்கீகரித்த நாள்" என்ற கருத்துடைய தனிப்பண்பை அன்றைய திகதியோடு சேர்க்கும். இரண்டாவது, உறையிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மிகப் பிந்திய அங்கீகாரத் திகதியை உடைய கோப்பைத் தெரிந்து, அதிலிருந்து வங்கிக்குரிய கடிதத்தை ஆக்கும். முதல் தவணையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அனைவரும் பாராட்டினர்.

இரண்டாம் தவணையில், பொருளாளர் புதிய பட்டியலை வெறுமையிலிருந்து தொடங்காது, பழைய கோப்பையே திறந்து வேறு பெயரிற் சேமித்து, அதிலே பெயர்களைத் திருத்தினார். அது இயல்பான செயல்; எவரும் அவ்வாறே செய்வர். ஆனால், பழைய கோப்போடு கூடவே பழைய அங்கீகாரத் திகதியும் புதிய கோப்புக்கு வந்து சேர்ந்தது. குழு கூடி ஒப்புதல் அளித்த பின், எனது முதல் மக்ரோவை அவர் இயக்கினார். ஒரு பெயரில் ஏற்கெனவே பண்பு இருக்க, அதே பெயரில் இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னால் அட் என்னும் கட்டளை மறுத்துவிடும், பழையதன்மேல் எழுதாது. மறுத்ததைத் தெரிவிக்கும் பிழைச் செய்தி திரையில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், மக்ரோவின் தலைப்பிலே "ஒன் எரர் றெசியூம் நெக்ஸ்ற்" என்ற வரியை யான் எழுதியிருந்தேன். பிழை நேரினும் நில்லாது அடுத்த வரிக்குச் செல்க என்பது அதன் பொருள். "பதிவு நிறைவேறியது" என்று பொருளாளருக்கு அறிவித்த வரி அதற்கடுத்தது. அதுவும் தவறாது இயங்கியது.

ஆகவே இரண்டு கோப்புகளும் ஒரே திகதியைத் தாங்கி நின்றன. இரண்டாவது மக்ரோ, முதலிற் கண்ட பழைய கோப்பை எடுத்துக்கொண்டது. அதனிலும் பிந்திய திகதி வேறெதிலும் இல்லையாதலின் அதனையே கொண்டு கடிதம் ஆக்கியது. புதிதாகச் சேர்க்கப்பட்ட மூன்று மாணவருக்கும் இரண்டு மாதம் பணம் செல்லவில்லை. அவர்களுள் ஒருவனுடைய தாயார், பேருந்துக் கட்டணத்துக்குக் கடன்பட்டுக் காரியாலயத்துக்கு வந்து, "என்ரை பிள்ளையின்ரை பேரை வெட்டிப் போட்டியளோ" என்று கேட்ட பின்னரே எமக்கு விடயம் தெரியவந்தது. நிலுவை அன்றே கொடுக்கப்பட்டது. பொருளாளர் தாமே தவறிழைத்ததாகச் சொல்லிக் குழுவிலே வருத்தம் தெரிவித்தார். தவறு அவருடையதன்று. மறுத்தலைக் கேளாத காதோடு மக்ரோவை எழுதியவனுடையது.

இவ்விடத்துத் திருத்தம் யாதெனின், சேர்ப்பதற்கு முன் அப் பெயரில் பண்பு உண்டா எனத் தேடுதல் வேண்டும். தொகுதியிலுள்ள பண்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பது நேர்மையான வழி. உண்டெனின் பெறுமானத்தை மாற்றுக. இல்லையெனின் அட் கட்டளையைக் கொடுக்க. பெறுமானத்தின் வகையும் மாறுவதாயின், பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே சிக்கலற்றது. பெயரின் இறுதியில் அறியாது இடப்பட்ட ஒரு வெற்றிடமும் அதனை வேறு பெயராக்கிவிடும். அத்தகைய கோப்பில் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு பண்புகள் அருகருகே நிற்கும். ஆதலின் பெயரை மக்ரோவிலே ஒரே இடத்தில் மாறிலியாக எழுதிவைத்து, எங்கும் அதனையே வழங்குவது நன்று.

பிழையை விழுங்கும் அந்த வரியைப் பற்றி இன்னும் ஒரு சொல். அது முற்றிலும் தீயதன்று. இல்லாத பண்பொன்றின் பெறுமானத்தைக் கேட்டால் எக்செல் ஐந்தாம் இலக்கப் பிழையைத் தரும். "உண்டா இல்லையா" என்று அறிவதற்காகவே அப் பிழையை எதிர்பார்த்து அந்த வரியை இடுவாரும் உளர். அவ்வாறாயின், கேட்கும் வரிக்கு முன் அதனை இட்டு, கேட்ட வரிக்குப் பின் உடனே "ஒன் எரர் கோரு சீரோ" என்று இயல்பு நிலைக்குத் திரும்புதல் வேண்டும். இரண்டு வரிகளுக்கிடையே ஒரே ஒரு வரி. மக்ரோ முழுவதற்கும் அதனைப் போர்வையாகப் போர்த்தியவன் கதையை மேலே கண்டோம்.

அடுத்து, பண்பு சேர்ந்தும் காணாமற் போகும் புதுமை. மக்ரோ பிழையின்றி ஓடிற்று. ஆனால் கோப்பைப் பார்த்தால் ஒன்றுமில்லை என்பார்க்கு யான் முதலிற் கேட்கும் கேள்வி, எந்தக் கோப்பிலே சேர்த்தீர்கள் என்பது. வி.பி.ஏ.யில் "திஸ் வேர்க்புக்" என்றால் மக்ரோ எழுதப்பட்டிருக்கும் புத்தகம்; "அக்ரிவ் வேர்க்புக்" என்றால் அக் கணத்தில் திரையின் முன் நிற்கும் புத்தகம். மக்ரோவைப் பொதுப் பயனுக்காகப் பேர்சனல் என்னும் மறைவான புத்தகத்தில் வைத்திருப்பவர் "திஸ் வேர்க்புக்" என்று எழுதினால், பண்பு அந்த மறைவான புத்தகத்திலே போய்ச் சேரும். தேடுபவர் கண்ணுக்கு அது என்றும் படாது. மறுபுறம், "அக்ரிவ் வேர்க்புக்" என்பதும் நம்பத்தக்கதன்று. ஒரு தாளைப் படியெடுத்துப் புதுப் புத்தகம் ஆக்கும் வரி மக்ரோவின் நடுவே இருந்தால், அந்தக் கணமே புதுப் புத்தகம் முன்னுக்கு வந்துவிடும். அதன் பின் இடும் குறியெல்லாம் அதற்கே. அவ்வாறு பிறந்த புதுப் புத்தகத்துக்குப் பழையதன் தனிப்பண்புகள் வந்து சேர்வதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. புத்தகம் முழுவதையும் வேறு பெயரிற் சேமித்தால் பண்புகள் கூடவரும். தாளை மட்டும் படியெடுத்தால் வாரா. இவ் வேறுபாட்டை அறியாமல் ஒருவர் வாரக்கணக்கில் அலையலாம்.

இரண்டு பெயர்களையும் விட்டு, கோப்பைத் திறக்கும் போதே அதனை ஒரு மாறிக்குள் ஏற்று, இறுதிவரை அம் மாறியின் பெயராலேயே அழைத்து வருவதே தக்கது.

தமிழர் மாத்திரம் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு; ஆங்கில நூல்கள் இதனைப் பெரும்பாலும் சொல்லா. மக்ரோ எழுதும் திரையிலே மேற்கோட் குறிகளுக்கிடையில் "அங்கீகரித்தவர்" என்று தமிழில் எழுத முயன்றால், அங்கே தோன்றுவது கேள்விக்குறிகளின் வரிசையே. காரணம் யாதெனின், எக்செலின் கட்டங்கள் யூனிக்கோட் முறையை ஏற்றிருந்தும், மக்ரோவை எழுதும் அத் திரை இன்னும் பழைய எழுத்துக் குறியீட்டுப் பக்கங்களையே நம்பியிருக்கிறது. தமிழுக்கு விண்டோசில் அத்தகைய பழைய பக்கம் என்றும் இருந்ததில்லை. ஆதலின் தமிழெழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாய் விடும். அந்தக் கேள்விக்குறிகளே பண்பின் பெயராகவும் பெறுமானமாகவும் கோப்பிற் பதிந்துவிடும். ஒரே அளவு குறிகளைக் கொண்ட இரண்டு தமிழ்ப் பெயர்கள் அவ் வழியால் ஒரே பெயராகி, முன் சொன்ன இரட்டைப் பெயர்ப் பிழையையும் விளைக்கும்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, எழுத்தின் யூனிக்கோட் எண்ணைக் கொடுத்து எழுத்தைப் பெறுதல். ககரத்தின் எண் 2965. சிஎச்ஆர்டபிள்யூ என்னும் சார்புக்கு அவ் வெண்ணைக் கொடுத்தால் ககரம் கிடைக்கும். ஆனால் ஒரு சொல்லை இவ்வாறு ஆக்குவதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். மற்றையது, வேண்டிய தமிழ்ச் சொற்களை விரிதாளிலேயே ஒரு தாளில் எழுதி, கட்டங்களுக்குப் பெயர் சூட்டி, மக்ரோ அவற்றை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுமாறு செய்தல். எமது சங்கத்தின் கோப்புகளில் இன்று இம் முறையே கைக்கொள்ளப்படுகிறது. பண்பின் பெயரை ஆங்கிலத்தில் வைத்து, பெறுமானத்தை மட்டும் தமிழில் வைப்பாரும் உளர், அதுவும் ஏற்கத்தக்கதே.

தமிழ்ப் பண்பு சரிவரப் பதிந்ததா எனச் சோதிக்கும்போது மற்றொரு மயக்கம் நேரும். மக்ரோவின் செய்திப் பெட்டியும், எழுதும் திரையின் கீழுள்ள உடனடிச் சாளரமும் அதே பழைய குறியீட்டு வழியிற் செல்வன. பண்பு நல்ல தமிழிற் பதிந்திருந்தும், அதனைச் செய்திப் பெட்டியிற் காட்டச் சொன்னால் கேள்விக்குறிகளே வரும். கெடாததைக் கெட்டதென எண்ணி மக்ரோவை மாற்றி மாற்றி எழுதியவரை யான் அறிவேன். பெறுமானத்தை ஒரு கட்டத்தில் எழுதுவித்துப் பார்த்தால் உண்மை புலப்படும்.

பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகள் எம் நாட்டில் இன்னும் ஏராளம். அங்கே கட்டத்திலே தமிழாகத் தோன்றுவது உண்மையில் ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் பூட்டியிருக்கிறது. பண்புக்கு எழுத்துரு இல்லை. ஆகவே அக் கட்டத்தின் பெறுமானம் பண்பாகும்போது வேடம் கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக நிற்கும். அவற்றை முதலில் யூனிக்கோட்டுக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும், வேறு வழியில்லை.

நீளத்துக்கும் எல்லையுண்டு. எழுத்து வகைப் பண்பொன்றின் பெறுமானம் 255 குறிகளுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். தமிழில் இது நாம் எண்ணுவதிலும் விரைவில் நிரம்பிவிடும். "கல்லூரி" என்ற சொல்லில் நாம் காண்பது நான்கு எழுத்து. கணினி எண்ணுவதோ ஏழு. மெய்யின் புள்ளி ஒன்று, ஊகாரக் குறி ஒன்று, இகரக் குறி ஒன்று என மூன்றும் தனித்தனி எண்ணப்படும். தொல்லிலக்கணத்தார் உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்டதும், கணினியார் அதனைப் பிரித்துக் கொண்டதும் இங்கே மோதுகின்றன. குழுக்கூட்ட அறிக்கையைப் பண்பாக இட முயன்று இடையில் அறுபட்டது கண்டவர் இதனை உணர்வர்.

வகைகளைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். முழுவெண் 1, உண்டு இல்லை 2, திகதி 3, எழுத்து 4, பின்ன எண் 5 என அவற்றுக்கு எண்கள் உள. எக்செலுக்குள்ளே அவற்றைப் பெயரால் அழைக்கலாம். எக்செலுக்கு வெளியே, வி.பி.ஸ்கிறிப்ற் போன்ற வேறொரு மொழியிலிருந்து இயக்கும்போது அப் பெயர்களை அம் மொழி அறியாது. அறியாத பெயரை வெறுமையாகக் கொண்டு சுழியத்தை அனுப்பும். சுழியம் என்னும் வகை இல்லையாதலின் பிழை வரும். அங்கே எண்ணையே எழுதுக. மாதத் தொகை 2750.50 என்பதை முழுவெண் வகையில் இட்டால் சதம் போய்விடும். ஐந்தாம் வகையே அதற்குரியது. மக்ரோவின் முதல் வரியாக "ஒப்ஷன் எக்ஸ்பிளிசிற்" என்று எழுதிவிட்டால் பெயர்ப் பிழைகள் பல முன்னரே பிடிபடும். ஆயினும் எக்செல் தனிப்பண்புத் தொகுதியைப் பொதுவான ஒரு பொருளாகவே தருவதால், அட் என்பதை எழுத்துப் பிழையோடு எழுதினும் தொகுக்கும்போது அது தெரியாது. ஓடும்போது 438ஆம் இலக்கப் பிழையாக வெளிப்படும்.

திகதி வகை நம்மவர் கவனத்துக்குரியது. பொதியினுள்ளே அது உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகின்றது. எம் நாட்டு நேரம் அதனிலும் ஐந்தரை மணி முந்தியது. எமக்கு 15ஆம் திகதி பிறக்கும் நள்ளிரவு, பொது நேரத்தில் 14ஆம் திகதி மாலை 6.30. நேர வலயத்தைக் கவனியாத பிறிதொரு நிரல் அப் பண்பை வாசிக்குமாயின் ஒரு நாள் பின்தங்கிக் காட்டக்கூடும். அத்துடன், 03/04 என்று எழுத்தாகக் கொடுத்த திகதியை ஒரு கணினி ஏப்பிரல் மூன்றாகவும் மற்றொரு கணினி மார்ச்சு நான்காகவும் கொள்ளும். அமெரிக்க முறையில் அமைந்த கணினிகள் எம்மிடையே குறைவல்ல. நாள் மட்டுமே வேண்டுவதாயின், ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில், மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாக்கி, எழுத்து வகையில் இடுவதையே யான் விரும்புகிறேன். அவ்வாறு எழுதிய திகதிகளை அகர வரிசைப்படுத்தினாலே கால வரிசை கிடைத்துவிடும்.

பண்பு சேர்ந்தது, சரியான கோப்பிலும் சேர்ந்தது, ஆயினும் மறுநாள் இல்லை என்பாரும் உளர். பண்பை மாற்றியதனால் மட்டும் புத்தகம் மாற்றமுற்றதாக எக்செல் எப்போதும் கருதுவதில்லை. ஆதலின், மூடும்போது "சேமிக்கவா" என்று கேளாமலே மூடிவிடும். பண்பும் அதனோடு போகும். பண்பை இட்டவுடன் புத்தகத்தின் சேவ்ட் என்னும் நிலையைப் பொய் என ஆக்கி, பின் சேமிக்கும் கட்டளையையும் மக்ரோவே கொடுத்தல் வேண்டும். சேமித்த பின் நிகழும் நிகழ்ச்சியிலே பண்பை இடும் மக்ரோவை எழுதியவர், அது அடுத்த சேமிப்பிலேயே கோப்பை அடையும் என்பதை எண்ணிப் பார்க்க. சேமிப்பதற்கு முன் நிகழும் நிகழ்ச்சியே அதற்கு உரிய இடம்.

வேறு இரு வழிகளாலும் பண்புகள் மறையும். டொக்கியுமென்ற் இன்ஸ்பெக்ரர் என்னும் சோதனையை இயக்கி, பண்புகளையும் தனிப்பட்ட தகவலையும் நீக்குக என்று சொன்னால் தனிப்பண்புகளும் அகன்றுவிடும். வெளியாருக்குக் கோப்பை அனுப்புமுன் பலர் இதனைச் செய்வது நல்ல பழக்கமே. ஆனால் அனுப்பும் படியில் செய்க, மூலத்தில் அன்று. சிஎஸ்வி என்னும் எளிய எழுத்து வடிவிற் சேமித்தாலும் பண்புகள் இரா. அவ் வடிவுக்கு ஈற்றேடு என்பதே கிடையாது.

மக்ரோவே இயங்கவில்லை என்பது தனி வழக்கு. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம் தனிப்பண்பைத் தாங்கும், மக்ரோவைத் தாங்காது. மக்ரோவுக்கு எக்ஸ்எல்எஸ்எம் வேண்டும். மின்னஞ்சலில் வந்த கோப்பாயின், இணையத்திலிருந்து வந்தது என்ற குறியை விண்டோசு அதன்மேல் இட்டிருக்கும். 2022ஆம் ஆண்டு முதல் மைக்றோசொவ்ற் நிறுவனத்தார் அத்தகைய கோப்புகளின் மக்ரோக்களை இயல்பாகவே தடுத்து வருகின்றனர். அனுப்பியவரை நன்கறிந்தால் மட்டும், கோப்பின்மேல் வல அழுத்தம் செய்து, விண்டோசின் பண்புச் சாளரத்தில் அன்புளொக் என்பதைத் தெரிக. உலாவியில் இயங்கும் எக்செலில் வி.பி.ஏ. இயங்காது, வெளிநாட்டிலிருந்து எம் கோப்புகளைக் கைபேசியிலும் உலாவியிலும் திறக்கும் அன்பர்கள், பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நிகழவில்லையென்று முறையிடுவதற்குக் காரணம் இதுவே.

எமது முதல் மக்ரோவை இப்போது மாற்றி எழுதியுள்ளேன். அது கோப்பைத் திறந்து மாறியில் ஏற்கும், பெயரைத் தேடும், உண்டெனில் மாற்றும், இல்லையெனிற் சேர்க்கும், சேமித்து மூடும், மூடிய கோப்பை மீண்டும் திறந்து, பண்பை வாசித்து, தான் எழுதியதும் வாசித்ததும் ஒன்றாயிருந்தால் மாத்திரமே நிறைவேறியது என்று சொல்லும். இரண்டாவது மக்ரோ, ஒரே திகதியுடைய இரண்டு கோப்புகளைக் கண்டால் தான் தெரியாது நின்றுவிடும். இரண்டின் பெயரையும் காட்டிப் பொருளாளரைக் கேட்கும். வங்கிக் கடிதம் ஆகுமுன் பட்டியலிலுள்ள மாணவர் தொகையையும் சென்ற மாதத் தொகையையும் அருகருகே காட்டும். கடந்த தவணையில் ஒருமுறை அது நின்றது. பொருளாளர் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, உம்முடைய மக்ரோ என்னைக் கேள்வி கேட்குது" என்றார். இரண்டு கோப்புகளையும் திறந்து பார்த்தோம்; அவர் பழைய கோப்பைப் படியெடுத்துத் திருத்திவிட்டு, குறியிடும் பொத்தானை அழுத்த மறந்திருந்தார். அழுத்திய பின் கடிதம் சரியாக வந்தது.